தலைப்பிரசவத்துக்கு வராதே, கண்ணு

கண்ணு,

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு உன்னை அழைத்துப்போக நான் வரப்போவதில்லை. முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுதினால் எனக்கே மனம் மாறிவிடும். பாதிக் கடிதத்தில் 'சரி சாமி, வந்து கூட்டிப்போகிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியாதா? கோபம் வந்தால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி. படுத்துக்கொண்டே படி. மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அவர் எதை வாசித்தாலும் தாசில்தார் உத்தரவு வாசிக்கிற மாதிரி இருக்கும். கரித்துண்டால் சுவரில் எழுதி உனக்கு நான் சொல்லிக்கொடுத்த எழுத்து இதற்காவது பயன்படட்டும். எழுத்துக் கூட்டி மெதுவாகவே படி. இப்போது உனக்கு வேறு வேலை இல்லை, இருக்கவும் கூடாது.

கடிதத்தைக் கொண்டுவருகிறவர் உப்பும் கருவாடும் விற்க மலையேறி வரும் வியாபாரி. அவர் கீழ்நாட்டுக்காரர், அவரை எந்தக் காப்பும் கட்டுப்படுத்தாது. எங்களைக் கட்டுப்படுத்தும். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. நோன்பு முடிந்து காப்பை அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. இது உனக்குத் தெரியாததா? சின்ன வயதில் அந்தக் கல்மேல் ஏறி நின்று, ஒரு காலை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி, அத்தையிடம் முதுகில் வாங்கியவள்தானே நீ. அதனால்தான் நேரில் வந்து சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், காப்பு இல்லாவிட்டாலும் எழுதித்தான் அனுப்பியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'வராதே' என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளைக்காரர் சண்டை நடக்கிற காலத்தில் காகிதம் கிடைப்பதே பெரிய பாடாக இருக்கிறது. இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறேன், கண்ணைச் சுளிக்காதே.

போன தடவை சந்தைக்கு வந்தபோது நானும் அம்மாவும் உன்னைப் பார்க்க வந்தோமே, அந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. மாப்பிள்ளைக்கு மர டிப்போவில் காவல் வேலை கிடைத்து நீ அடிவாரத்துக்குப் போனபோது ஊரெல்லாம் உன்னைக் கொண்டாடியது. ஆனால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, பங்குனி வெயிலில், வயிற்றைத் தாங்கிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது தோள்துண்டை எடுத்து உனக்கு விசிறத்தான் எனக்குத் தோன்றியது. "ஒரே புழுக்கமா இருக்குதுப்பா, மூச்சே உட முடியல. என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா" என்று நீ சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் நர்சம்மா வந்துவிட்டார். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து அவரே வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று மாப்பிள்ளை சொன்னபோது, ஏதோ சம்பிரதாயத்துக்கு வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தது.

நான் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், காது மட்டும் உள்ளே இருந்தது; கண்ணால் காணாததை உன் அம்மா பின்னால் சொன்னாள். தையற்காரன் வைத்திருக்கிற மாதிரி ஒரு நாடாவை எடுத்து அவர் உன் வயிற்றை அளக்கப் போனதும் உன் அம்மா பதறிவிட்டாள். "ஏனுங்கம்மா, வளர்ற வயித்தப் போயி அளக்கலாமுங்களா?" என்றாள். அவள் பேரில் தப்பில்லை. களத்தில் குவித்த சாமையைக்கூடச் சாமிக்குப் படைக்காமல் வள்ளத்தால் அளக்க மாட்டோம். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்ட மாட்டோம். வளர்கிற எதையும் அளந்தால் வளர்ச்சி நின்றுபோகும் என்றுதான் நம் மலையில் வழக்கம். அதற்கு அந்த நர்சம்மா, "நான் அளக்கறது வளர்த்தியை நிறுத்தறதுக்கு இல்லீங்க. அது எப்படி வளருதுன்னு தெரியாம நாளைக்கு நீங்க எங்கிட்ட வந்து ஏமாந்துட்டோம்னு சொல்லக்கூடாது பாருங்க, அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அளந்தே தீர்த்தார். அப்புறம் ஒரு மரக்குழலை உன் வயிற்றில் வைத்து இங்கே கேட்டார், அங்கே கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அந்தக் குழலை உன் அம்மாவின் காதிலும் வைத்தார். ஒருபுறம் கேட்டாள், இன்னொரு புறமும் கேட்டாள். வெளியே வந்தவள் நேராக வேலியோரமாகப் போய் நின்று அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நீ நினைத்தாய். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

நர்சம்மா என்னிடம் வந்து தெளிவாகவே சொன்னார்: "ரெட்டைங்க. ரெண்டு துடிப்பு, ரெண்டும் வேற வேற வேகத்துல கேக்குது. பாக்கறதுக்கு வயிறு நெறமாசமாட்டம் இருக்கும், ஆனா உங்க பொண்ணு சொல்ற கணக்குப்படி ஆறு முடிஞ்சு இப்பத்தான் ஏழு நடக்குது. ரெண்டு பேரு உள்ள இருந்தா பெரும்பாலும் பத்து மாசம் காத்துட்டு இருக்காதுங்க, முந்திக்கும். எட்டுலயும் வரும், ஏழுலயும் வந்துரும். இனிமேத்தான் நான் அடிக்கடி பாக்கணும். மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா நான் எங்கிங்க வந்து பாக்கறது?" நான் உடனே, "சரிங்கம்மா, நீங்க சொன்னாச் சரிங்க" என்றேன். அவர் போனதும் உள்ளே வந்தேன். நீ என் துண்டைப் பிடித்துக்கொண்டாய். "பௌர்ணமி கழிச்சு டோலியோட வந்து கூட்டிட்டுப் போறேன் சாமி" என்று உன்னிடம் சொன்னேன். மலையேறி ஊருக்கு வந்ததும் உன் அத்தை, "எப்படா புள்ளையக் கூட்டிட்டு வாரே?" என்று கேட்டாள். "பௌர்ணமி கழிச்சுக்கா" என்று அவளிடமும் தலையாட்டினேன். ஒரே நாளில் மூன்று பேரிடம் சரி சொன்னேன். என்னைப் போன்ற ஆளைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்தால் எல்லாருக்கும் பிடிக்கும், யாருக்கும் உபயோகம் இருக்காது.

அன்றைக்கு மலையேறும்போது உன் அம்மா பாதி வழியில் நின்றாள். ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, பாறையில் உட்கார்ந்து, "ஏனுங்க, அவ வர வேண்டாமுங்க" என்றாள். நான் திகைத்துவிட்டேன். உன்னைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதைப் பற்றித் தை மாதத்திலிருந்து அவள் பேசாத நாளில்லை. கோழி அடைத்துவைத்திருக்கிறாள், தேன் வாங்கிவைத்திருக்கிறாள், பழைய சேலைகளை வெளுத்து மடித்துவைத்திருக்கிறாள். அவளே வேண்டாம் என்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்தது. உனக்குத்தான் தெரியாது. இத்தனை வருஷமாக உன்னிடம் நாங்கள் பேசாத ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டியிருக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இதையெல்லாம் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லாமல் இருந்தால் 'அப்பாவுக்கு என்மேல் பாசம் இல்லை, செலவுக்குப் பயந்துகொண்டு வரவில்லை' என்று நீ நினைப்பாய். அதற்கு இது மேல்.

உனக்கு முன்னால் உன் அம்மாவுக்கு ஒரு பிரசவம் நடந்தது, அது தங்கவில்லை என்று உனக்குத் தெரியும். அது ஒரு பிள்ளை அல்ல, கண்ணு. இரண்டு பேர். இரண்டும் ஆண். எங்களுக்கு மாசியில் கல்யாணம். ஐப்பசியில் சாமை அறுப்பு நடக்கும்போது உன் அம்மாவின் வயிறு அவ்வளவு பெரிதாக இருந்தது. குனிந்து ஒரு அரி கதிர்கூட எடுக்க முடியாது. பார்த்த பெண்கள் எல்லாரும் நெறமாசம் என்றார்கள். உன் அம்மா மட்டும், "இல்லீங்க, பங்குனி நோன்புக்கு நான் ஒதுங்கித்தானே இருந்தேன், அப்பறம் எப்படி நெறமாசம் ஆகும்?" என்று கேட்டாள். கேட்ட கேள்வி சரிதான். அந்த நோன்புக்கு அவள் கோயில் பக்கம் வராமல், வீட்டுக்கு விலக்கானவர்கள் தங்கும் குடிசையில் தனியாக இருந்ததை நானே பார்த்தேன். ஆனால் உன் அத்தை சிரித்தாள். "புள்ள கணக்குத் தப்பிட்டா. வயித்தப் பாத்தாத் தெரியாதா? வயிறென்ன பொய்யா சொல்லுது?" என்றாள். புதுப்பெண் வெட்கப்பட்டு மாதத்தைக் குறைத்துச் சொல்கிறாள் என்று கேலி பேசினார்கள். நானும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டேன், கல்யாணமான மாதமே பிள்ளை என்றால் எனக்கும் பெருமைதானே.

நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். நெறமாசக்காரி தினமும் காலையில் உரலில் குத்த வேண்டும், அப்போதுதான் பிள்ளை சுகமாக இறங்கும் என்பார்கள். உண்மையிலேயே நாள் நிறைந்தவளுக்கு அது நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு நாள் நிறையவே இல்லை. இரண்டு பேர் இருந்ததால்தான் வயிறு பெருத்திருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கலப்பையில் பூட்டிய மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்கிற ஊர், வயிற்றைப் பார்த்து மாதம் சொல்லிவிட்டோம். அவளும் தினமும் குத்தினாள். இடுப்பு வலிக்கிறது என்றாள். நல்லது, இறங்குகிறது என்றார்கள். வயிறு கல் மாதிரி இறுகி விடுகிறது என்றாள்; அதுவும் நல்லதுதான் என்றார்கள். ஒவ்வொரு தொந்தரவையும் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் உச்சிப்பொழுதில் நீர்க்குடம் உடைந்தது. ஊரே கலகலப்பாக இருந்தது. நான் பலா மரத்தடியில் உட்கார்ந்து எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒருவன் வந்தான். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தான் என்றார்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருந்தபோது இன்னொருவன் வந்தான். உள்ளே இருந்த பெண்கள் அலறிவிட்டார்கள். இரண்டு பேரும் அழுதார்கள் கண்ணு, நான் வெளியிலிருந்து கேட்டேன். பூனைக்குட்டி கத்துகிற அளவுக்குத்தான் சத்தம், ஆனால் அழுதார்கள். வழக்கப்படி குளிப்பாட்டினார்கள். ஐப்பசி மூட்டம் குடிசைக்குள்ளேயே வந்து நின்ற நாள் அது. நடுங்குகிற பிள்ளைகளைத் துடைத்துச் சேலையில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். பாலை உறிஞ்ச அவர்களுக்குத் தெம்பு இல்லை. பொழுது சாய்வதற்குள் முதல்வன் போனான், மறுநாள் காலையில் இளையவனும் போனான். உன் அம்மா ஒரு வார்த்தை யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அவள் கையில் உலக்கையைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. நீ பிறந்த பிறகு நம் வீட்டில் குத்து வேலையை நானே செய்ததற்கு ஊரார் என்னைப் பெண்டாட்டி தாசன் என்றார்களே, காரணம் இதுதான்.

இப்போது அதே கூத்து மறுபடியும் நடக்கிறது. சந்தைக்குப் போன நம் ஊர்க்காரிகள் உன்னைப் பார்த்துவிட்டு வந்து, "வயிறு எறங்கிருச்சு, இன்னைக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். உன் அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். வேற்றிடத்தில் பிறந்தால் நம் மலைநாட்டுச் சாமிக்குப் பிள்ளையைத் தெரியாமல் போய்விடும் என்று அவள் மனசார நம்புகிறாள். அவளை நீ வெறுக்காதே. உன்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். உனக்கென்று கொல்லைப்புறத்தில் நான் மூங்கில் நட்டுப் புதுப்புல் வேய்ந்து கட்டிய பிரசவக் குடிசைக்குத் தினமும் போய்ச் சாணி மெழுகிவிட்டு வருகிறாள், முட்டிவலியோடு. அந்தக் குடிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் 'கட்டினது வீணாகப் போகிறதே' என்று ஒரு நப்பாசை வருகிறது. இப்படித்தான் மனிதனுக்குப் புத்தி கெடுகிறது.

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் நான் கீழே வந்தேன். இது உனக்குத் தெரியாது. உன் வீட்டுப் பக்கம் வரவில்லை, டிப்போ வேலியைச் சுற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னைப் பார்த்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்ற பயம். நர்சம்மாவிடம் பழைய கதை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, "உரல்லக் குத்துனதுனாலதானுங்களா போச்சு?" என்று கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்க நினைத்த கேள்வி. அந்த அம்மா என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "அதனாலதான்னு நான் சொல்ல மாட்டேங்க. யாராலயும் சொல்ல முடியாது. குத்தாம இருந்தாலும் முந்தியிருக்கலாம். ஆனா ரெண்டுன்னு தெரிஞ்சிருந்தா, மாசம் ஏழுன்னு தெரிஞ்சிருந்தா, வலின்னு சொன்ன அன்னைக்கே படுக்க வெச்சிருப்பீங்க. பொறந்ததுகளைக் குளிப்பாட்டியிருக்க மாட்டீங்க. அதுதானுங்க வித்தியாசம்" என்றார். பிறகு என்னை உள்ளே அழைத்துப்போய் குறைமாசப் பிள்ளைகளைச் சூடாக வைக்கிற கூடைகளைக் காட்டினார். பஞ்சு பரப்பி, ஓரங்களில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகள் வைக்க இடம் விட்டுத் தயாராக வைத்திருக்கிறார். இரட்டைக்காக இரண்டு கூடை. அதைப் பார்த்ததும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பாவம், தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மனப்பாடம் செய். முடிந்தவரை ஒருக்களித்துப் படுத்திரு. குடம் தூக்காதே, விறகு தூக்காதே, குந்தி உட்கார்ந்து துவைக்காதே. மாப்பிள்ளை துவைக்கட்டும், அவர் கை தேயாது. வயிறு இறுகி இறுகி விட்டால், இடுப்பு வலி வந்து வந்து போனால், நீர் கசிந்தால், துளி ரத்தம் பட்டால், முகமும் கையும் வீங்கித் தலை வலித்தால், உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பு. இது சூட்டு வலிதானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் இருக்காதே. பொய் வலியாக இருந்தால் நர்சம்மா திட்டிவிட்டுப் போகட்டும். சும்மா ஒரு வலிக்கு அவரைப் பத்து தடவை கூப்பிடுவது மேல், நிஜமான வலிக்கு ஒருதடவை கூப்பிடாமல் இருப்பதைவிட. நாடாவோடு வந்தால் சிணுங்காமல் காட்டு. பிள்ளைகள் முந்திப் பிறந்துவிட்டால் யார் சொன்னாலும் குளிப்பாட்ட விடாதே. அம்மாவே சொன்னாலும் விடாதே. உறிஞ்சத் தெரியாவிட்டால் உன் பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக ஊட்டலாமாம். அவர்கள் என்னை அப்புச்சி என்றும் உன் அம்மாவை அம்மாயி என்றும் கூப்பிடுகிற நாள் வர வேண்டும். அதற்கு இப்போது நீ ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பதுதான் வழி.

உனக்கு அங்கே தனியாகக் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அக்கம்பக்கத்தில் 'பெத்தவங்க கூட்டிட்டுப் போகலையாம்' என்று பேசத்தான் செய்வார்கள். இங்கே எங்களையும் பேசுகிறார்கள். ஊர்க்கவுண்டர் கோயிலில் வைத்து, "பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டியாராத ஊடு நம்ம நாட்டுல இருந்ததில்லையே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நான் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மாதான், பெண்கள் பக்கத்தில் இருந்தவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே வந்தாள். "என் வயித்த நீங்க எல்லாரும் பாத்துத்தானுங்க நெறமாசம்னு சொன்னீங்க. நான் இல்லைன்னு சொன்னேன். அன்னைக்கு ஒருத்தரும் கேக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உன் அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். கவுண்டர் செருமிக்கொண்டு தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது என்றார். வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மா என்னிடம், "நான் சொன்னதோட நிக்காதுங்க. நீங்க சொன்னாத்தான் உங்க அக்கா கேப்பாங்க" என்றாள்.

சொன்னேன் கண்ணு. என் ஆயுசிலேயே முதல் தடவையாக உன் அத்தையிடம் முடியாது என்று சொன்னேன். "அக்கா, புள்ளையக் கூட்டியார மாட்டேன்" என்றேன். அவள் நம்பவே இல்லை. கையை வீசிவிட்டு, "போடா, உன்னைய எனக்குத் தெரியாதா? இன்னைக்கு மாட்டேம்ப, நாளைக்குச் சரிக்காம்ப. காப்பு அவுத்த அன்னைக்கு நம்ம பசங்களை டோலியோட அனுப்பறேன். அப்பன் அனுப்பிச்சாருன்னு சொன்னா அவ ஓடி வந்து ஏறிக்குவா" என்றாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. உன்னை இங்கே வைத்து, தன் கையால் மிளகு ரசம் வைத்து ஊட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் செய்கிறாள். ஆனால் செய்தே தீருவாள். டோலிக்கு மூங்கில் வெட்டிக் காயவைத்திருக்கிறாள், நான் பார்த்தேன். தூக்கிகள் நல்ல பசங்கள்தான். ஆனாலும் அந்த ஏற்றத்தில், கல்லிலும் வேரிலும் குலுங்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நீ வர வேண்டும். நடு வழியில் வலி வந்தால் மேலே குடிசையும் இல்லை, கீழே கூடையும் இல்லை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காப்பு அவிழ்த்த கையோடு உன் அம்மா கிளம்புகிறாள். மகள் வீட்டில் பேரப்பிள்ளை பிறக்கும் முன்னே பெற்றவர்கள் கை நனைக்கக்கூடாது என்பார்களே, அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறாள். தன் சாமையும் தன் சட்டியும் எடுத்துக்கொண்டு வருகிறாள், வாசலில் தனியாக அடுப்பு மூட்டிக்கொள்வாளாம். பிள்ளைகள் வெளியே வந்து நல்லபடி பால் குடிக்கிற வரைக்கும் உன்னை விட்டு நகர மாட்டாள். டோலிக்காரப் பசங்கள் அவளைவிட வேகமாக நடப்பார்கள், முந்திக்கொண்டு வந்து உன் வாசலில் நிற்கவும் கூடும். அப்பா அனுப்பினார் என்று அவர்கள் சொன்னால் அது பொய். பசங்களைத் திட்டாமல் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பு.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய பயம். பசங்கள் வெறுங்கையோடு திரும்பினால் உன் அத்தை என்னை அழுது கூப்பிடுவாள், கவுண்டர் ஆள் அனுப்புவார். நான் எத்தனை நாள் தாங்குவேன் என்று எனக்கே தெரியாது. அதனால் சொல்கிறேன். ஒருநாள் நானே டோலியோடு உன் வாசலில் வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா சாமி, நம்மூட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டாலும் நீ எழுந்திருக்காதே. அப்பன் மனசு நோகுமே என்று பார்க்காதே. கதவைச் சாத்திக்கொள் கண்ணு.

உன் அப்பன்